யாரும் வராத சாலைக்கு ஒரு பச்சை விளக்கு

புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து வந்த பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் வெயிலில் நெருக்கியடித்து நிற்க, ஓர் ஆட்டோகூட வராத இன்னொரு சாலைக்குப் பச்சை விளக்கு கடைசி நொடிவரை சாவகாசமாக எரிந்து தீர்வதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. போதாக்குறைக்கு, சிவப்பு எண் ஐந்துக்கு இறங்குமுன்பே பின்னால் நிற்பவர் ஹாரனை அழுத்தத் தொடங்கிவிடுகிறார்.

எந்தச் சாலைக்கு எத்தனை நொடி என்பதை வாகன வரத்தை எண்ணிக் கணக்கிடும் சூத்திரத்தைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958-லேயே எழுதிவிட்டார். பிரிட்டனில் 1970-களில் உருவான ஸ்கூட் என்ற முறையோ, வாகனம் மேலே கடப்பதை உணரும்படி சாலையில் பதித்த கம்பிச்சுருள்கள் தரும் தகவலைக் கொண்டு, நிறுத்தக்கோட்டில் சேரப்போகும் வரிசையை அந்தந்த நொடியிலேயே கணினியில் பாவனை செய்து பார்த்து, விளக்கு மாறுவதற்குச் சற்று முன்னர் அதை முந்தச் செய்யலாமா, தள்ளிப்போடலாமா என்று முடிவெடுக்கிறது. தடம் பிடித்து ஓடாத நம் இருசக்கர வாகனங்களை அந்தச் சுருள்கள் சரியாக எண்ணுவது கடினம் என்பது உண்மைதான். அதற்குத்தான் கேமராக்கள் இருக்கின்றனவே.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சனி, ஞாயிறுகளில் வெளியூர்க் கார்கள் குவியும் இந்த ஊருக்கு, வார நாளுக்கும் விடுமுறைக்கும் தனித்தனி நேர அட்டவணையையாவது சிக்னலை இயக்கும் பெட்டிக்குள் ஏற்றி வைக்கக் கூடாதா?