கடல் உள்வாங்கியதை எவரும் மறைக்கவில்லை

பாம்பன் கரையில் நாட்டுப்படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும் படத்துடன், “சுனாமி வரப்போகிறது, அரசு மறைக்கிறது” என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் உண்மையல்ல. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல் என்பதால், காற்றும் நீரோட்டமும் மாறும் நாட்களில் நீர் மெல்ல விலகிப் பாசியும் சிப்பியும் வெளியே தெரிவதும், பின்னர் திரும்பிவிடுவதும் இங்கு வழக்கமே. 2004 டிசம்பர் 26 அன்று நமக்கு முன்னெச்சரிக்கை எதுவும் வரவில்லை. அந்த வடுவிலிருந்து பிறக்கும் அவநம்பிக்கையை என்னால் குறை சொல்ல முடியாது. ஆனால், 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தின் அறிக்கைகளை இன்காய்ஸ் (இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் திடீரென வேகமாக உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுப் பகுதிக்குச் செல்லுங்கள். இந்தப் படத்தை மட்டும் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.