வாட்ஸ்அப்ல கூப்பிடுறேன்

சொந்தக்காரர் ஒருவர் அரசுப் பணியில் இருக்கிறார். பேச்சு இடமாறுதல் பக்கம் போனாலே, "இருப்பா, வாட்ஸ்அப்ல கூப்பிடுறேன்" என்று லைனைக் கட் பண்ணிவிடுவார். அப்படி என்ன ரகசியம் பேசுவார்? மேலதிகாரியைப் பற்றிக் கொஞ்சம் புலம்புவார், அவ்வளவுதான். அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குகிறவருக்கே அதன் காதைக் கண்டு பயம். வெளியே இருக்கும் நான், போனை ஒட்டுக்கேட்பார்களோ என்று சந்தேகப்பட்டால் மட்டும், "உனக்கு எப்பவும் இதே வேலை" என்கிறார்கள்.

ஒட்டுக்கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குண்டு வைக்கத் திட்டம் போடுகிறவன் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பவரை யார் கேள்வி கேட்பது?

ஒட்டுக்கேட்க ஒன்றிய அரசிலும் மாநிலத்திலும் உள்துறைச் செயலாளர் ஆணை போடுவார். அது முறைதானா என்று பார்க்க ஒரு மறுஆய்வுக் குழு உண்டு. அதற்குத் தலைவர் டெல்லியில் அமைச்சரவைச் செயலாளர், மாநிலத்தில் தலைமைச் செயலாளர். உறுப்பினர்களும் செயலாளர்களே. நீதிபதி எங்கேயும் கிடையாது. தொலைபேசிப் பேச்சும் அந்தரங்க உரிமைதான் என்று பி.யூ.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) வழக்கில் 1996-இல் சொன்ன உச்ச நீதிமன்றம்கூட, முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. சட்டத்தில் அதற்கு வழி இல்லை என்றது.

சரி, அந்தக் குழுவாவது ஒழுங்காகப் பார்க்கிறதா? தனிநபர் தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் கொடுத்த அறிக்கையில், ஆர்.டி.ஐ. மூலம் கிடைத்த ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றிய அரசின் மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்த்தாக வேண்டும். எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தாலும் ஒரு ஆணைக்கு இரண்டு நொடி கூடக் கிடைக்காது. பெயரை வாசிக்கவே பத்தாது.

இதில் எந்தக் கட்சியும் யோக்கியம் இல்லை. 1988-இல் போன் ஒட்டுக்கேட்புப் புகாரில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991-இல் ராஜீவ் காந்தி வீட்டை வேவு பார்த்ததாக இரண்டு போலீஸ்காரர்கள் பிடிபட்ட விவகாரத்தில் பிரதமர் சந்திரசேகர் ஆட்சியே போனது. அதே ராஜீவ் ஆட்சியில்தான், 1986-இல், கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை விரிவாக்கும் அஞ்சல் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அப்படியே வைத்துக்கொண்டார். (அவருக்கும் ராஜீவுக்கும் ஆகாது என்பது வேறு கதை. காரணம் எதுவாக இருந்தால் என்ன, மசோதா நின்றது.)

அப்புறம் 2023 டிசம்பர். புதிய அஞ்சல் சட்டம், புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இரண்டும் ஒரே கூட்டத்தொடரில் நிறைவேறின. இரண்டிலும் இடைமறிக்கும் அதிகாரம் இருக்கிறது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 140-க்கும் மேற்பட்டவர்களை இடைநீக்கம் செய்த கூட்டத்தொடர் அது. இடைநீக்கம் பற்றித்தான் நாமும் பேசினோம், சட்டத்தைப் பற்றி யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லை. நானும்தான்.

வாட்ஸ்அப்பில் பேசினால் ஆபத்தில்லை என்று நினைக்கும் சொந்தக்காரரிடம் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனுக்குள்ளேயே புகுந்துவிட்டால் எந்தப் பூட்டும் உதவாது. அந்த விவகாரத்தில் உச்ச நீதிமன்றக் குழு 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ உளவு மென்பொருள் இருப்பதாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை என்றும் சொன்னது. ஒன்றிய அரசு அந்தக் குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை என்பதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ரமணாவே நீதிமன்றத்தில் சொன்னார். உச்ச நீதிமன்றத்துக்கே பதில் சொல்லாதவர்களை நான் எந்த நம்பிக்கையில் நம்புவது?

சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. லஞ்சப் புகார் ஒன்றில் 2011-இல் ஒருவரின் போனை ஒட்டுக்கேட்கப் போட்ட ஆணையை ரத்து செய்தது. ஒட்டுக்கேட்கச் சட்டம் கேட்கும் பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற காரணங்கள் இரண்டுமே அங்கே இல்லை, ஒட்டுக்கேட்டதை மறுஆய்வுக் குழுவிடம் உரிய காலத்தில் வைக்கவும் இல்லை என்றது. இதைச் சொல்ல 14 வருடம் ஆகியிருக்கிறது. வழக்கு என்று ஒன்று இருந்ததால் அந்த மனிதர் கோர்ட்டுக்காவது போக முடிந்தது. வழக்கே போடாமல், கேட்டுவிட்டு மட்டும் போயிருந்தால்? உன் பேச்சைக் கேட்டோம் என்று பிற்பாடாவது நமக்குச் சொல்ல வேண்டும் என எந்த விதியும் இல்லை. பதிவுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்பதற்கு மட்டும் விதி இருக்கிறது.