இரண்டு மணி நேரம்கூட நம்ப முடியாதா?

காரைக்குடியில் பலகாரம் செய்து சிங்கப்பூருக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பொறுப்பில் இருக்கிறேன். வெளியூர் போனவனை மாலை முழுவதும் கைபேசியில் துரத்தும் வழக்கத்தை நினைத்து வெகுநாளாகவே புழுங்கிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் சிங்கப்பூரை ஒட்டிய உபின் தீவில் பட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான்கு நாள் பயணத்தில் அது மூன்றாம் நாள். லிட்டில் இந்தியாவில் ஆறு மளிகைக் கடைகள் ஏறி இறங்கி, தேன்குழலும் சீப்புச் சீடையும் எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி, யாரிடம் பாக்கி நிற்கிறது, எவர் லேபிளை மாற்றச் சொல்கிறார் என்பதையெல்லாம் வரிவரியாக எழுதி, மூன்று மணிக்கே முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் சாங்கி படகுத்துறைக்குப் போனேன். உபினுக்குப் போகும் படகுக்குக் கால அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும், கால் மணி நேரத்துக்குள் அக்கரை வந்துவிடும். அத்தனை பெரிய நகரத்தின் ஓரத்தில், தகரக் கூரை வீடுகளும் வாடகை மிதிவண்டிகளுமாக ஒரு பழைய கிராமம் அங்கே இருக்கிறது. முன்பு கருங்கல் வெட்டி எடுத்த பள்ளங்கள் இன்று நீர் நிறைந்து குளங்களாகிவிட்டன. படகுத்துறையிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கும் பெக்கான் கல்குவாரியில் நாரைகள் கூடு கட்டுகின்றன. அவை அடைய வரும் நேரத்தில் அங்கே சும்மா நிற்க வேண்டும் என்பது மட்டுமே என் ஆசை.

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. முதலாளி மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பும் மூன்று மணி என்பது அங்கே ஐந்தரை. சரியாக ஐந்தரைக்கு முதல் அழைப்பு வந்தது. "என்னப்பு, தேன்குழல் எத்தனை பெட்டின்னு சொன்னே?" அனுப்பிய செய்தியின் முதல் வரியே அதுதான். சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கணக்குப்பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்து அதையே சொல்லச் சொன்னார். அடுத்து, சரக்குக் கட்டும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சியிடமும் ஒரு முறை. எதிர்க்கரையில் ஜொகூர் இருப்பதால் தீவில் கைபேசி அடிக்கடி மலேசிய இணைப்புக்குத் தாவிவிடும், அப்படி ஒருமுறை பேச்சு அறுந்ததற்கு, "ஏன் போனை அணைச்சே?" என்று கோபித்துக்கொண்டார். மொத்தம் ஒன்பது அழைப்புகள். ஒன்றில்கூட மறுநாள் காலை வரை பொறுக்க முடியாத செய்தி இல்லை. என் பக்கத்தில் பேசாமல் நின்று நீரைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான தம்பதியர், நான் உரக்கப் பாக்கித் தொகை சொல்வதைக் கேட்கப் பொறுக்காமல் அப்பால் நகர்ந்துபோனார்கள். அந்த வெட்கம் இன்னும் எனக்கு ஆறவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது இருட்டிவிட்டது, நாரைகள் அடைந்துவிட்டன, உடன் வந்தவர்களும் கரைக்குத் திரும்பிவிட்டார்கள். குறைந்த ஆட்களுக்கும் சேர்த்து என் கையிலிருந்து கட்டணம் கொடுத்த பிறகுதான் படகு கிளம்பியது.

இதை நம்முடைய செட்டிநாட்டில் இருந்துகொண்டு செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, செட்டியார்கள் போன காலத்தில், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அனுப்பிய ஏஜெண்டுகளுக்கு வேலைத் தவணை மூன்று வருடம். என் ஐயாவின் தகப்பனாரும் அப்படித்தான் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில், செட்டியார்கள் பலர் சேர்ந்து தொழில் பார்த்த கிட்டங்கியில், கணக்குப் பெட்டி வைத்த ஒரு பெட்டியடியில் உட்கார்ந்து, தன்னுடையதல்லாத பெரும்பணத்தை வட்டிக்கு விட்டுக் கணக்கு எழுதினார். கணக்கு கப்பலில் ஊருக்கு வந்து, அதற்குப் பதில் திரும்பிச் சேர வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதையெல்லாம் அவரேதான் முடிவு செய்தார். மூன்று வருடம் மனைவி மக்களைப் பிரிந்து கிடந்த அந்த வாழ்க்கையை உயர்வு என்று நான் சொல்லவில்லை. அதில் வீட்டுப் பெண்கள் விட்ட கண்ணீர் எங்களுக்குத் தெரியும். ஆனால் கடல் கடந்து போனவன் கணக்கைச் சரியாகப் பார்ப்பான் என்ற நம்பிக்கை முதலாளிக்கு இருந்தது. அதே ஊரிலிருந்து அதே சிங்கப்பூருக்கு அனுப்பிய என்னை, எழுதிக் கொடுத்த கணக்கும் கையில் இருக்கும்போது, இரண்டு மணி நேரம் நம்ப மனம் வரவில்லை.

"சம்பளம் கொடுப்பவர் கேட்கக்கூடாதா?" என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். தாராளமாகக் கேட்கலாம்; அனுப்பியதைப் படித்துவிட்டு, அதில் இல்லாததைக் கேட்கட்டும். பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நான் சட்டம்கூடக் கேட்கவில்லை, ஒரு மாலைப்பொழுதைக் கேட்கிறேன்.

வரும் மாதம் மீண்டும் பயணம் இருக்கிறது. அந்த ஊர் நேரப்படி ஐந்து மணிக்குள் முழு விவரமும் எழுதி அனுப்பிவிடுவேன் என்றும், சரக்கோ பணமோ சிக்கலில் இருந்தாலன்றி மறுநாள் காலை வரை அழைக்க வேண்டாம் என்றும் முதலாளியிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். "பார்க்கலாம்ப்பு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கைபேசி அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.