மிளகாய் இலைச் சுருட்டு எல்லாம் ஒன்றல்ல

"மிளகாய் இலை சுருண்டால் வேப்பெண்ணெய் தெளிக்கவும்" என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்க்க வேண்டாமா? ஓரம் மேல்நோக்கிப் படகு போல வளைந்தால் இலைப்பேன் (thrips) என்ற சிறு பூச்சி. கொழுந்தை வெள்ளைத் தாளில் தட்டினால் மெல்லிய மஞ்சள் கோடாக ஓடும். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பும் நீண்டிருந்தால் சிலந்திப்பேன் (mite); வலை பின்னும் பெரிய சிலந்தி அல்ல. அதைப் பார்க்க லென்ஸ் வேண்டும்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் சரிதான். ஆனால் நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். தெளிப்பானின் கடைசிச் சொட்டுகளில் வெறும் எண்ணெய் விழுந்து இலை கருகும். 5 மி.லி. எண்ணெயில் 2 மி.லி. திரவ சோப்பை முதலில் குழையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வெண்மையாகக் கலங்கியதும் 1 லிட்டராக்குங்கள். கலந்த அன்றே, வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். மேலே மட்டும் அடிப்பது வீண் வேலை. வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது கழியாமல் கந்தகத்தைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை பொசுங்கும். கொளுத்தும் வெயிலிலும் கந்தகம் வேண்டாம்.

இலை சிறுத்து, மஞ்சளித்து, நுனி கொத்தாகக் குறுகிவிட்டதா? வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மருந்தே கிடையாது, செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிவிடுங்கள்.