வெள்ளைக் கவுனும் மஞ்சள் கறையும்

போன வாரம் எங்கள் கடைக்கு ஒரு விளம்பர ஆலோசகர் வந்திருந்தார். நாத்தனார்தான் வரவழைத்தார். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நாங்கள் கல்யாண கவுன் தைத்து விற்கிறோம். வியாபாரம் முன்போல இல்லை, கடையின் முகத்தையே மாற்ற வேண்டும் என்று வீட்டில் ஆறு மாதமாகப் பேச்சு. அவர் திரையில் ஆறு படங்களைப் போட்டார். ஜூலு என்ற ஆப்பிரிக்க இனத்துப் பெண் ஒருத்தி, ஓர் இந்தியப் பெண், ஒரு வெள்ளைக்காரப் பெண் என்று ஆறு முகங்கள். கீழே, எல்லாப் பண்பாட்டு மணப்பெண்களுக்கும் என்று ஒரு வரி. படங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஆறு பேரும் போட்டிருந்தது ஒரே கவுன். அதே வெள்ளை, அதே கழுத்து, அதே வெட்டு.

அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நாத்தனாரும் இதைப் படிப்பார், படிக்கட்டும். வீட்டில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. என் மாமியார் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு கார்மென்ட் ஃபேக்டரியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவர். அந்த நாளில் டர்பன் ஃபேக்டரிகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் பெண்கள்தான். 1990களில் இறக்குமதித் துணிகளுக்கு வரி குறைந்தது, மலிவுத் துணி வந்து குவிந்தது, ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனதும் அத்தை தன் வீட்டு கராஜில் இரண்டு மெஷினைப் போட்டார். முதல் கவுன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. இன்றைய கடை அந்தக் கராஜிலிருந்து வந்தது.

தமிழ்ப் பெண்ணுக்கு எதற்கு வெள்ளைக் கவுன் என்று ஊரிலிருந்து என் சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. இங்கே கல்யாணம் இப்படித்தான் நடக்கும்: முதல் நாள் நலங்கு, மறுநாள் கூறைப்புடவையில் தாலி, அப்புறம் ஹாலில் வரவேற்புக்கு வெள்ளைக் கவுன். ஜூலு வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். சர்ச்சில் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்ட பெண், இன்னொரு நாள் உமாபோ என்ற பாரம்பரியக் கல்யாணச் சடங்குக்கு தோல் பாவாடையும் மணி வேலையும் இசிசோலோ தொப்பியுமாக வருவாள். இரண்டு வீட்டுப் பெண்களும் தங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு நேரம் ஒருத்தியாகவும் இன்னொரு நேரம் வேறொருத்தியாகவும் நிற்கிறார்கள். எங்களைப் போன்ற கடைகள் அந்த வெள்ளைக் கவுன் பாதியை மட்டுமே விற்று வந்திருக்கின்றன.

அந்த வெள்ளையும் ஆதிகாலத்திலிருந்து வந்த ஒன்று இல்லை. 1840 பிப்ரவரியில் விக்டோரியா ராணி தன் கல்யாணத்துக்கு வெள்ளைச் சாட்டின் உடுத்தினார். அதற்குப் பிறகுதான் அது ஐரோப்பாவில் கல்யாண நிறமாகப் பரவியது. இருபது வருஷம் கழித்து, 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் நம் ஆட்களை இந்தத் துறைமுகத்தில் இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவர்கள் கல்யாணத்துக்கு வெள்ளை ஒத்துவராது. நம்மில் பல வீடுகளில் அது கைம்பெண்ணுக்குக் கொடுத்த நிறம்.

பிறகு 1913 மார்ச்சில் இந்நாட்டின் கேப் மாகாண நீதிமன்றத்தில் சேர்ல் என்ற நீதிபதியின் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத கல்யாணங்கள் இந்த நாட்டுச் சட்டத்தில் செல்லாது என்று ஆகிவிட்டது. ஒரே நாளில் நம் பாட்டிமார்கள் மனைவிகள் இல்லை என்று ஆனார்கள். அந்த வருஷம் காந்தி நடத்திய போராட்டத்தில் பெண்கள் இறங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சலோடு கிடந்து, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அந்த வருஷமே சட்டம் மாறியது, பதிவு செய்துகொண்டால் நம் கல்யாணமும் செல்லும் என்றார்கள். தாலியே செல்லாது என்று ஒருமுறை சொல்லப்பட்ட ஊரில், பிறகு வந்த தலைமுறைகள் வெள்ளைக் கவுனில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதை வெறும் வெள்ளைக்கார மோகம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. எங்கள் கல்யாணமும் கல்யாணம்தான் என்று ஊருக்குக் காட்டும் ஆசையும் அதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் கவுனை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாற்றத்தை விளம்பரத்தில் ஆரம்பிக்காதீர்கள், வெட்டும் மேஜையில் ஆரம்பியுங்கள் என்கிறேன்.

முதலில் அந்த நெட் துணி. இன்றைய கவுன்களில் தோளிலும் முதுகிலும் தோல் நிறத்தில் மெல்லிய நெட் வைத்து, லேஸ் பூக்கள் உடம்பிலேயே பூத்தது போலக் காட்டுவார்கள். யாருடைய தோல் நிறம்? மொத்த வியாபாரத் துணிக்கடையில் கேட்டால் இளம் ரோஜாவும் சந்தனமும் கலந்த ஒரு நிறத்தை எடுத்துப் போடுவார்கள். நம் பெண் போட்டால் முதுகில் சாம்பல் பூசியது போலத் தெரியும். எத்தனை பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று, குறை தங்கள் மேல் என்று நினைத்துத் தலை குனிந்திருக்கிறார்கள்! பவுடரை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்ன அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷமாக நானே தேயிலை டிக்காஷனிலும் சாயத்திலும் நெட்டை முக்கி ஏழு பழுப்பு நிறங்களில் வைத்திருக்கிறேன். வேலை அதிகம், காசு கொஞ்சம்தான். ஆனால் தன் நிறத்தில் ஒரு துணியைக் கையில் வைத்துப் பார்க்கும்போது ஒரு பெண்ணின் முகம் மாறுவதை ஒருமுறை பார்த்தால் திரும்ப அந்தச் சந்தன நெட்டைத் தொட மனசு வராது.

அடுத்து மஞ்சள். நலங்கில் பூசிய மஞ்சள் எவ்வளவு குளித்தாலும் முழுசாகப் போகாது. மறுநாள் கவுன் லைனிங்கில் கழுத்திலும் அக்குளிலும் ஒட்டும். பதறிப்போய் யாராவது சோப்பைப் போட்டுத் தேய்ப்பார்கள், கறை சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். சோப்பிலும் காரம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கவுன் அனுப்பும் கம்பெனி எதுவும் இதை யோசித்து லைனிங் வைப்பதில்லை. நாங்கள் இப்போது கழற்றி மாற்றும்படி பருத்தி லைனிங் வைக்கிறோம். டர்பன் ஜனவரிப் புழுக்கத்துக்கும் அதுதான் நல்லது. கறை பட்டால் அந்தத் துண்டை மட்டும் அலசி வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும்.

தேதியும் அப்படித்தான். ஆலோசகர் கொண்டுவந்த விற்பனைத் திட்டத்தில் பெரிய தள்ளுபடி செப்டம்பர் கடைசியில். அது புரட்டாசி. இங்கே விரதம் இருக்கும் வீடுகளில் அந்த மாதம் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். பத்து நிமிஷம் எங்களோடு பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

மணி வேலை விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம். ஜூலு மணி வேலையைப் போட்டோ பிடித்து, கம்ப்யூட்டரில் அச்சாக்கி, கவுன் ஓரத்தில் ஒட்டினால் ஆப்பிரிக்க வரிசை என்று ஒரு பெயர் கிடைத்துவிடும். அந்த நிறங்களுக்கும் உருவங்களுக்கும் அவர்களிடம் அர்த்தம் உண்டு. கல்யாணமான பெண்ணுக்கு உரியதைக் கன்னிப்பெண் கழுத்தில் போட்டால் மாப்பிள்ளை வீட்டு அத்தைமார்கள் என்ன நினைப்பார்கள்? நம் தாலியை யாராவது அலங்காரத்துக்கு என்று ஷூவில் தொங்கவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? மணி வேலை வேண்டுமென்றால் அதைச் செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும், அவள் கேட்கும் கூலியைக் கொடுக்க வேண்டும். பேரம் பேசாமல்.

இதையெல்லாம் சொல்லும்போது நாத்தனார் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது: "அண்ணி, வெறும் வெள்ளைக் கவுன் போதும், சேலையும் வேண்டாம் மணியும் வேண்டாம் என்று வருகிற தமிழ்ப் பெண்ணை என்ன செய்யப்போகிறீர்கள்?" அவளுக்கு வெறும் வெள்ளைதான் தைக்க வேண்டும், மனசாரத் தைக்க வேண்டும். பெயரைப் பார்த்துவிட்டு அவள் கையில் காஞ்சிபுரப் பார்டரைத் திணித்தால் நாமும் அந்த ஆலோசகர் செய்ததையே செய்கிறோம். அவள் யார் என்பதை அவள் சொல்லட்டும், நாம் ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டு காத்திருப்போம்.

இப்போது கடையில் ஒரு கவுன் தொங்குகிறது. பெண் ஃபீனிக்ஸ் பகுதித் தமிழ்ப் பெண், மாப்பிள்ளை ஜூலு. 1949இல் இந்த நாட்டில் வெள்ளையரும் மற்றவர்களும் மணந்துகொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டார்கள், 1985இல்தான் அது போனது. நம்மவரும் ஜூலு மக்களும் மணந்துகொள்ள அந்தச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஊரை இனவாரியாகப் பிரித்து வைத்தபோது யார் யாரைப் பார்த்திருப்பார்கள்? அந்தப் பெண் தன் ஆயாவின் அரக்குக் கூறைப்புடவையை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வந்தாள். இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். இதைக் கவுனில் சேர்க்க முடியுமா அக்கா என்றாள். ஆயா கூடவே வந்திருந்தார். "சேர்த்துக்கோம்மா, ஆனா வெட்டிடாதே" என்றார்.

பட்டுச் சேலையை வெட்டாமல் கவுனில் சேர்ப்பது சுலபமில்லை. ஜரிகை நெட்டைப் பிராண்டிவிடும். எடையும் இடுப்பைக் கீழே இழுக்கும். இரண்டு வாரம் அத்தையும் நானும் மேஜையில் போட்டுப் பார்த்தோம். கடைசியில் அத்தைதான் வழி சொன்னார். கவுனின் உள் இடுப்பில் கெட்டியான நாடா ஒன்றைத் தைத்து, எடை முழுவதும் அதில் நிற்கும்படி ஹூக்குகள் வைத்தோம். சேலையைக் கொசுவமாக மடித்து, ஜரிகைக்கு அடியில் மெல்லிய பருத்திப் பட்டி கொடுத்து, பின்னால் தரையில் புரளும் டிரெயினாக விட்டோம். எங்கும் கத்திரி படவில்லை, கையால் போட்ட ஓட்டுத் தையல்தான். கல்யாணம் முடிந்ததும் நூலை உருவினால் சேலை சேலையாகவே ஆயாவிடம் போய்விடும். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் கோர்த்த மணிச்சரம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அதை எங்கே வைப்பது என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. சனிக்கிழமை ஃபிட்டிங்குக்கு அவரும் வருகிறார், அவர் சொல்லும் இடத்தில் தைப்போம்.

நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு ஆலோசகரையும் வரச் சொல்லுங்கள் என்று. கேமரா வேண்டாம். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.