“இது என்ர அடிங்க”

போன மாதம் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தெரட்டி சீர், அதாவது பெண் பெரியவளான விசேஷம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை, கோயில் நோம்பிகளில், அதாவது திருவிழாக்களில், துடும்பு மேளம் அடிக்கும் பெரியவர். வெளியே டிஜே பெட்டியில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று துடும்போடு கலந்து ஓடியது. ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. இலை ஓரத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம். “இது என்ர அடிங்க தம்பி. அன்னிக்குக் குச்சி நழுவி விளிம்புல பட்டுருச்சு” என்றார்.

கலந்தது யாரென்று பார்த்தால் என் அக்கா மகன்! மாரியம்மன் நோம்பியில் செல்போனில் பிடித்தானாம். “எட்டு செகண்டுதான் மாமா, அப்புறம் லூப்பு, அதையே திருப்பித் திருப்பி ஓட்டறது” என்கிறான்.

கலப்பதே திருட்டு என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. வள்ளி கும்மி ஆட்டத்தில் சினிமா மெட்டில் முருகனைப் பாடினால் ரசிக்கத்தானே செய்கிறோம்? 2004இல் பீட்டில்ஸ் குழுவின் இசையையும் ஜே-ஸி என்ற பாடகரின் ராப்பையும் ஒட்டி, டேஞ்சர் மவுஸ் என்ற அமெரிக்க இசைக்காரர் ‘கிரே ஆல்பம்’ போட்டார். பீட்டில்ஸ் பதிவுகளுக்கு உரிமை வைத்திருந்த இ.எம்.ஐ. கம்பெனி, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட்டது. ஆனாலும் ஒட்டுவதற்குக் காது வேண்டும். மாப்பிள்ளைக்கும் அது இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

என் வயிற்றெரிச்சல் வேறு. சண்டையெல்லாம் மெட்டுப் போட்டவருக்கும் கம்பெனிக்கும்தான். அடித்தவர் கணக்கிலேயே வருவதில்லை. 1969இல் விண்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் ஆறேழு செகண்ட் தனியாக டிரம்ஸ் வாசித்தார். அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஜங்கிள் என்ற இசை வகையே அதன் மேல்தான் எழுந்தது. அவருக்கோ ராயல்டி வரவில்லை. 2006இல் வீடுவாசல் இல்லாமல் செத்துப்போனார்.

நம்மூர்ப் பதிப்புரிமைச் சட்டம் இதில் மோசமில்லை. 1994 திருத்தத்திலேயே வாசிப்பவருக்கும் உரிமை வந்தாயிற்று. 2012இல், வாசித்தவர் இவர் என்று பெயர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் சேர்ந்தது. சரி, துடும்புக்காரர் எந்த வக்கீலிடம் போவார்?

மாப்பிள்ளையை உட்கார வைத்துப் பேசினேன். யூடியூபில் பெரியவர் பெயரைப் போட்டுவிட்டான். டிஜே வாடகையில் பங்கு கேட்டதற்கு “பாக்கலாம் மாமா” என்கிறான், விடமாட்டேன்.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். பணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. “அந்த நழுவுன எடத்த மட்டும் எடுத்துப்போட முடியுங்களா?” என்றுதான் கேட்டார்.