பாஸே சேம்ப்ல்: எல்லா வினைக்கும் ஒரே விகுதி இல்லை

பாஸே சேம்ப்ல் என்பது பிரெஞ்சு இலக்கிய இறந்தகாலம். "இதில் ஒழுங்கான வினைகள் எல்லாவற்றுக்கும் 'ஆ' விகுதிதான், 'பார்லா' தெரிந்தால் போதும்" என்று சிலர் எழுதுவது தவறு. புதிதாகப் படிப்பவர்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்துவிட வேண்டாம்.

'ஆ' வரிசை இ-ஆர் (er) எழுத்துகளில் முடியும் வினைகளுக்கு மட்டும்தான். 'இல் பார்லா' என்றால் அவன் பேசினான். பன்மையில் 'இல் பார்லேர்', அவர்கள் பேசினார்கள்; அவன், அவர்கள் இரண்டுக்கும் உச்சரிப்பு 'இல்'தான். ஐ-ஆர் (ir), ஆர்-இ (re) எழுத்துகளில் முடியும் வினைகள் இரண்டும் 'இ' ஒலி வரிசையில் போகும். அவன் முடித்தான், இல் ஃபினி. அவன் விற்றான், இல் வாந்தி. பன்மை, இல் வாந்தீர். 'வாந்தா' என்று ஒரு வடிவமே கிடையாது.

முடிப்பதற்கான ஃபினீர் வகையில் இன்னொரு சிக்கல். ஒருமையில் நிகழ்காலமும் பாஸே சேம்ப்லும் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாகவே இருக்கும். முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் காலத்தைச் சொல்ல முடியும். பன்மையில் குழப்பமில்லை: 'நாங்கள் முடிக்கிறோம்' நூ ஃபினிஸோன், 'முடித்தோம்' நூ ஃபினீம்.

அப்புறம், சாப்பிடுவதற்கான மான்ஜே. 'மான்ஜா' என்று எழுதும்போது ஜி (g) எழுத்துக்கும் ஏ (a) எழுத்துக்கும் நடுவே ஒரு இ (e) எழுத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் 'ஜ' ஒலி 'க' ஆகிவிடும். மான்ஜேர் என்ற பன்மைக்கு அது தேவையில்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள்.

பேச்சில் பாஸே சேம்ப்லின் இடத்தை பாஸே கொம்போஸே என்ற இன்னொரு இறந்தகாலம் எடுத்துக்கொண்டது என்பது சரி. ஆனால் பாஸே சேம்ப்ல் நாவலிலும் குழந்தைக் கதையிலும் பக்கத்துக்குப் பக்கம் வரும், அதுவும் பெரும்பாலும் படர்க்கையில். அதனால் அவன், அவர்கள் வடிவங்களை முதலில் படியுங்கள்.